கூரையும் உறையும்: மிதிவண்டிக்காரனின் மழைக்கோட்டு

கதையும் கவிதையும் பேசுகிற இடத்தில் மழைக்கோட்டைப் பற்றி எழுத வந்திருக்கிறானே என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மழையைப் பற்றி எழுதினால் இலக்கியம், மழையில் நனையாமல் வேலைக்குப் போவதைப் பற்றி எழுதினால் கடைச்சரக்கு என்றொரு பிரிவினை நமக்குள் இருக்கத்தான் செய்கிறது. எனக்கு அந்தப் பிரிவினையில் நம்பிக்கை இல்லை. மழையைச் சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பவனுக்கு ஒரு மழை. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அதற்குள் போகிறவனுக்கு வேறொரு மழை. நான் இரண்டாவது வகையைச் சேர்ந்தவன். பதினான்கு வருடங்களாகத் தென்காசிப் பக்கம் மிதிவண்டியில் கல்லூரிக்குப் போய்வருகிறேன். போக ஒன்பது கிலோமீட்டர், வர ஒன்பது கிலோமீட்டர். இந்தப் பதினான்கு வருடங்களில் ஐந்து மழைக்கோட்டுகள் வாங்கியிருக்கிறேன். அவற்றில் நான்கு தவறான தேர்வுகள். அந்த நான்கு தவறுகளின் அடிப்படையில் எனக்குச் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது.

எங்கள் பக்கத்து மழையை முதலில் சொல்லிவிட வேண்டும். தமிழில் மழைக்கு இத்தனை சொற்கள் இருப்பது அலங்காரத்துக்காக அல்ல என்பது இங்கே வந்தால் தெரியும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டித் தீர்க்கும்போது, ஆரியங்காவுக் கணவாய் வழியாக அதன் மிச்சம் எங்களுக்கு வருகிறது. அது சாரல். துளியென்று எண்ண முடியாத துளி. காற்றோடு பக்கவாட்டில் வந்து முகத்தில் அப்பும். நாள் முழுவதும் விட்டு விட்டு இருக்கும். குளிர்ச்சியான காற்று, மெல்லிய வெயில், மறுபடியும் சாரல். அக்டோபரில் வடகிழக்குப் பருவம் தொடங்கினால் கதை வேறு. மாலை மூன்று மணிக்கு மேல் கிழக்கே கறுத்து, கல்லூரி விடுகிற நேரம் பார்த்து நேராக மேலிருந்து இறங்கும். அது அடைமழை. காற்றில் புழுக்கம் குறையாமலே பெய்கிற மழை. சாரலுக்கு வாங்கிய கோட்டு அடைமழைக்கு ஆகாது. அடைமழைக்கு வாங்கியதைச் சாரலில் போட்டால் உள்ளே வெந்துபோவோம். எனவே, நீர் புகாத கோட்டு எது என்று கேட்பதற்கு முன்னால், எந்த மழை என்று கேட்க வேண்டும். கடையில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

என் முதல் கோட்டை வாங்கும்போது கடைக்கார அண்ணாச்சி சொன்ன வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது. "சார், இதுக்குள்ள ஒரு பொட்டுத் தண்ணி இறங்காது." அவர் பொய் சொல்லவில்லை. கனத்த பி.வி.சி. கோட்டு அது, முழுக்கை, கழுத்துவரை பொத்தான், இடுப்பில் நாடா. ஒரு பொட்டுத் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஆனால் கல்லூரி வாசலில் அதைக் கழற்றியபோது, மழையில் அப்படியே நனைந்து வந்திருந்தால் எவ்வளவு ஈரம் இருந்திருக்குமோ அவ்வளவு ஈரம் என் சட்டையில் இருந்தது. மழைநீருக்குப் பதில் வியர்வை. மழைநீராவது சுத்தமாக இருந்திருக்கும்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. நடுத்தர வேகத்தில் மிதிக்கிற ஒருவர் சக்கரத்துக்குக் கொடுக்கிற ஆற்றல் 75 வாட் என்று வைத்துக்கொள்வோம். மனித உடல் என்கிற இயந்திரத்தின் திறன் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். ஆக 75 வாட் வேலைக்கு 225 வாட் வெப்பம் உடம்பில் உண்டாகிறது. அதை முழுவதும் வியர்வை ஆவியாகியே வெளியேற்ற வேண்டும் என்றால், அரைமணி நேரத்தில் சுமார் 170 மில்லிலிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு தம்ளர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர் புகாத கோட்டு என்பது நீர் வெளியேறாத கோட்டும்தான். அந்த ஒரு தம்ளர் தண்ணீரை நாம் உள்ளேயே ஊற்றிக்கொண்டு போகிறோம்.

இந்த இடத்தில் என் தொழில் குறுக்கிடுவதை மன்னிக்க வேண்டும். நற்றிணையில் 142ஆம் பாட்டு, இடைக்காடனார் பாடியது. வினை முடித்துத் திரும்புகிற தலைவன் தேர்ப்பாகனிடம் பேசுகிறான். அதில் மழைக்கால இரவில் ஆட்டுமந்தையைக் காத்து நிற்கும் இடையன் ஒருவன் வருகிறான். முதுகில் 'பறி' என்கிற பனையோலைப் பாய். கோலை ஊன்றி அதன்மேல் ஒரு காலை வைத்து ஒடுங்கி நிற்கிறான். நுண்ணிய தூவல் அவனை ஒருபக்கமாக நனைக்கிறது. பல வருடங்கள் இந்தப் பாட்டை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். முல்லைத் திணை, கார்காலம், விருந்தோம்பல் என்று விளக்கியிருக்கிறேன். 'ஒருபக்கமாக' என்பதன் பொருள் எனக்கு விளங்கியது, சாரலில் வலது தோள் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்து கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்த ஒரு ஜூலை மாதத்தில்தான். பறி அவனை முழுவதும் காப்பாற்றவில்லை. காப்பாற்றும் என்று அவன் எதிர்பார்க்கவும் இல்லை. ஒருபக்கம் நனைந்தாலும் அவனால் இரவு முழுவதும் நிற்க முடிகிறது. மந்தையைக் கவனிக்க முடிகிறது. அவ்வளவு போதும் அவனுக்கு.

நம் முன்னோர்களின் மழைக்கருவிகள் எல்லாமே இந்த வகைதான். கோணிச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொண்டால் கொங்காணி. தலையும் முதுகும் மூடும். முன்பக்கம் முழுவதும் திறந்திருக்கும். குனிந்து நடவு செய்கிறவர்களுக்கும் களை எடுக்கிறவர்களுக்கும் முதுகுதானே வானத்தைப் பார்த்து இருக்கிறது? தாழங்குடையும் அப்படித்தான். இவை எல்லாம் கூரைகள். மேலே மறைக்கும், பக்கவாட்டில் காற்றை விடும். உடம்பை அடைத்துப் பூட்டுவது என்கிற எண்ணமே இவற்றில் கிடையாது.

அடைத்துப் பூட்டுகிற எண்ணம் குளிர்நாட்டிலிருந்து வந்தது. 1823இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த சார்லஸ் மெக்கின்டோஷ், நாப்தாவில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவில் வைத்து ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நீர் புகாத துணி பிறந்தது. வெயிலில் அது இளகி ஒட்டியது, குளிரில் விறைத்தது, நாற்றமும் அடித்தது. பிற்பாடு வல்கனைஸ் செய்த ரப்பர் வந்து அந்தக் குறைகள் தீர்ந்தன. ஆனால் உள்ளே வியர்க்கும் என்கிற குறை தீரவில்லை. நம் நாட்டில் 1920இல் சுரேந்திர மோகன் போஸ் கல்கத்தாவில் தொடங்கிய பெங்கால் வாட்டர்ப்ரூஃப் நிறுவனத்தின் 'டக்பேக்' கோட்டுகள் அந்த வழியில் வந்தவை. என் தாத்தா தலைமுறையின் தபால்காரர்களும் பள்ளி ஆய்வாளர்களும் அந்த ரப்பர் வாசனையோடுதான் மழையில் வந்து நின்றிருப்பார்கள். இவை கூரைகள் அல்ல, உறைகள். தலையணைக்கு உறை போடுவதுபோல மனிதனுக்கு உறை.

உறைக்குள்ளிருந்து வியர்வையை வெளியேற்றுவது எப்படி என்று மேலைநாட்டார் நூற்றைம்பது வருடம் யோசித்தார்கள். 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், தோசைக்கல்லில் ஒட்டாமலிருக்கப் பூசுகிறார்களே அந்த டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தபோது, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த சவ்வாக அது விரிந்தது. நீர்த்துளி உள்ளே புக முடியாத அளவு சிறிய துளை. நீராவி வெளியேறப் போதுமான அளவு பெரிய துளை. கோர்டெக்ஸ் என்ற பெயரில் 1970களின் பிற்பகுதியில் அது சந்தைக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த 'மூச்சுவிடும்' மழைக்கோட்டுகள் பலவும் அந்தத் துணியின் தம்பி தங்கைகள் அல்லது போட்டியாளர்கள்.

எனது மூன்றாவது கோட்டு அந்த இனத்தைச் சேர்ந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மைத்துனர் ஒருவர் வாங்கிவந்து தந்தார். ரூபாயில் கணக்குப் போட்டால் பதினைந்தாயிரத்துக்கு மேல். அதைப் போட்டுக்கொண்டு முதல் அடைமழையில் போனபோது, இனி வாழ்க்கையில் நனைவதே இல்லை என்றுதான் எண்ணினேன். ஐந்தாவது கிலோமீட்டரில் முழங்கையின் உட்பக்கம் ஈரம் தட்டுப்பட்டது. துணி கிழிந்திருக்கிறதோ என்று வீட்டில் வந்து தேடிப் பார்த்தேன். கிழியவில்லை. மறுபடியும் வியர்வைதான்.

ஏன் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் சவ்வு வியர்வையை இழுத்து வெளியே தள்ளும் பம்பு அல்ல. உள்ளே ஆவியழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால், ஆவி தானாக வெளியேறுகிறது. அவ்வளவுதான். வியர்த்த தோலை ஒட்டி 34 பாகை செல்சியஸில் ஈரம் நிறைந்த காற்றின் ஆவியழுத்தம் சுமார் 53 மில்லிபார். ஐரோப்பாவில் 10 பாகைக் குளிரில் மழை பெய்கிறது என்றால் வெளியே 12 மில்லிபார். வித்தியாசம் 41. நமது அடைமழை நேரத்தில் வெளியே 26 பாகை; காற்றிலோ ஈரம் தளும்புகிறது; அழுத்தம் 34 மில்லிபார். வித்தியாசம் 19. அதாவது, அங்கே அந்தத் துணியைத் தள்ளுகிற விசையில் பாதிகூட இங்கே இல்லை. போதாததற்கு, வெளித்துணியில் நீர் ஒட்டாமல் உருண்டோடப் பூசியிருக்கும் பூச்சு தேய்ந்துவிட்டால், துணி நனைந்து கனத்து, இருக்கிற துளைகளின் வாசலையும் அடைத்துக்கொள்கிறது. கோட்டின் மேல் குற்றமில்லை. அது வேறொரு வானத்துக்காகத் தைக்கப்பட்டது.

அந்தப் பூச்சைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீரையும் எண்ணெயையும் ஒட்டவிடாத அந்தப் பூச்சுகளில் நெடுங்காலம் பயன்பட்டவை பி.எஃப்.ஏ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் புளோரின் சேர்மங்கள். மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடுகிறவை. கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் ஆடைகளில் அவற்றைக் கட்டுப்படுத்தியது. பிரான்ஸ் 2026 ஜனவரி முதல். கோர் நிறுவனமே 2022இல் புளோரின் இல்லாத புதிய சவ்வைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மழையிலிருந்து நம்மைக் காக்கிற பொருள் கடைசியில் மழைநீரிலேயே போய்க் கலக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு பொட்டுத் தண்ணீரும் இறங்கக்கூடாது என்கிற பிடிவாதத்துக்கு நாம் கொடுக்கிற விலை பணம் மட்டுமல்ல என்று தெரிகிறது. வாங்கும்போது சீட்டில் 'பி.எஃப்.ஏ.எஸ். இல்லாதது' என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அப்படியானால் கூரைக்கே திரும்பிவிடலாமே என்று கேட்கலாம். நானும் திரும்பிப் பார்த்தேன். நான்காவதாக வாங்கியது பொன்ச்சோ. தலையை நுழைத்துக்கொண்டால் உடம்பிலிருந்து ஹேண்டில்பார்வரை கூடாரம்போல் விரியும். கீழே காற்று வரும், வியர்க்காது. காற்றில்லாத மழையில், மெதுவாகப் போகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் எங்கள் ஊர்ச் சாரல் காற்றோடு பிறந்தது. செங்கோட்டை சாலையில் எதிரே ஒரு பேருந்து விரைந்து போனபோது, அது கிளப்பிய காற்றில் பொன்ச்சோ பாயாக உப்பி என்னைச் சாலையின் நடுவுக்கு இழுத்தது. இன்னொரு நாள் பின்னோரம் சக்கரத்தில் சிக்கியது. குடை பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையில் ஓட்டுகிற பள்ளிப் பிள்ளைகளை நாம் தினமும் பார்க்கிறோம். அது இன்னும் ஆபத்து. மிதிவண்டிக்காரனுக்கு இரண்டு கையும் வேண்டும், காற்றை எதிர்க்காத உடையும் வேண்டும். அவனுக்குக் கூரை கட்டுப்படியாகாது. வேறு வழியில்லை, உறைதான். ஆனால் கூரைபோல நடந்துகொள்கிற உறை. என் ஐந்தாவது கோட்டை இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துத்தான் வாங்கினேன்.

கூரைபோல நடந்துகொள்வது என்றால் என்ன? முதலாவது காற்று. அக்குளில் திறந்து மூடும் ஜிப், முதுகில் மடிப்புக்கு அடியில் வலைத்துணி வைத்த திறப்பு, மேலிருந்தும் கீழிருந்தும் திறக்கும் முன் ஜிப்: இவற்றில் இரண்டாவது இருக்க வேண்டும். நமது வெப்பத்தில் வியர்வையை வெளியேற்றுவது சவ்வைவிட அதிகமாக இந்தத் திறப்புகள்தாம். சீட்டில் 5,000, 10,000, 20,000 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பது, துணியின் மேல் அவ்வளவு உயர நீரை நிறுத்தினாலும் கசியாது என்பதற்கான சோதனைக் கணக்கு. மிதிவண்டியில் போகிறவனுக்கு 5,000 போதும். முதுகுப்பையின் வார் தோளை அழுத்துமென்றால் 10,000. அதற்கு மேல் கொடுக்கிற பணம் நம் தெருக்களில் வீண். மூச்சுவிடும் திறன் என்று கிராமில் போட்டிருக்கும் எண்ணை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு சோதனை முறைக்கும் ஒவ்வொரு எண் வரும். கோட்டை உட்புறமாகத் திருப்பித் தையல்களைப் பாருங்கள். ஊசி போன துளைகளை மூடி ஒட்டுப்பட்டை ஒட்டியிருக்கிறார்களா என்பதுதான் முக்கியம். தோளிலும் கழுத்திலும் அந்தப் பட்டை இல்லையென்றால், துணி எத்தனை ஆயிரம் மில்லிமீட்டர் தாங்கினாலும் தண்ணீர் தையல் வழியே வரும்.

இரண்டாவது வெட்டு. நிற்கிற மனிதனுக்குத் தைத்த கோட்டு குனிந்து மிதிக்கிறவனுக்குப் பொருந்தாது. கைகளை முன்னே நீட்டினால் மணிக்கட்டு வெளியே வந்துவிடும், முதுகு மேலேறிவிடும், பின்சக்கரம் வாரி இறைக்கும் சேறு இடுப்பில் இறங்கும். பின்பக்கம் ஒரு சாண் கூடுதலாகத் தாழ்ந்தும், முன்பக்கம் மடியில் சுருளாத அளவு குட்டையாகவும் இருக்க வேண்டும். கடையிலேயே போட்டுக்கொண்டு, ஹேண்டில்பாரைப் பிடித்ததுபோல் குனிந்து நின்று பாருங்கள். நான் அப்படி நின்றபோது கடைப்பையன் சிரித்தான். சிரிக்கட்டும். தலைமூடி தனியாகக் கழற்றக்கூடியதாக இருந்தால் நல்லது. பெரும்பாலான தலைமூடிகள் தலையோடு திரும்புவதில்லை. பின்னால் வருகிற லாரியைத் திரும்பிப் பார்த்தால் துணியின் உட்புறம்தான் தெரியும். ஹெல்மெட்டுக்குள் முன்விளிம்பு வைத்த தொப்பி ஒன்று போட்டுக்கொண்டால், என்னைப்போலக் கண்ணாடி போட்டவர்களுக்கும் வழி தெரியும்.

மூன்றாவது, எனக்கு எல்லாவற்றிலும் முதலாவது, நிறம். நம் கடைகளில் ஆண்களுக்கான மழைக்கோட்டு என்றால் கறுப்பு, கருநீலம், சாம்பல். அழுக்குத் தெரியாது என்பது காரணம். ஆளும் தெரியாது. என் இரண்டாவது கோட்டு கருநீலம். ஒரு நவம்பர் மாலை ஆறு மணிக்கு, நல்ல மழையில், ஒரு பேருந்து என் முழங்கையை உரசுகிற தூரத்தில் வந்து நின்றது. நான் சாலையோரச் சகதியில் கிடந்தேன். ஓட்டுநர் இறங்கி ஓடிவந்தார். அவருக்கு என்னைவிட அதிகமாகக் கை நடுங்கியது. "சார், ஆளே தெரியல சார். பக்கத்துல வந்த பொறவுதான் பாத்தேன். புள்ள குட்டிக்காரன் சார் நான்" என்றார். அவரிடம் கோபப்பட எனக்கு நியாயம் எதுவும் கிடைக்கவில்லை. மழைக்காலத்து அந்தியின் நிறத்திலேயே உடுத்திக்கொண்டு அந்திக்குள் போனவன் நான்தான்.

பகலிலும் அந்தியிலும் பளீரென்ற மஞ்சளோ ஆரஞ்சோ கண்ணில் படும்; இருட்டியபின் அந்த நிறத்துக்கு மதிப்பில்லை. அப்போது வேண்டியது, விளக்கொளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் பிரதிபலிப்புப் பட்டை. அது முதுகில் மட்டும் இருந்தால், பையை மாட்டியதும் மறைந்துவிடும். கையிலும் இடுப்பின் அடியிலும் இருக்க வேண்டும். கணுக்காலில் ஒரு பட்டை கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. மேலும் கீழும் அசைகிற ஒளியைப் பார்த்தவுடன், அது மிதிக்கிற மனிதன் என்று ஓட்டுநரின் மூளைக்குப் புரிந்துவிடுகிறது. கோட்டில் மிச்சம் பிடித்த பணத்தில் பின்விளக்கு ஒன்றும், இரண்டு சக்கரத்துக்கும் நீளமான மட்கார்டும் வாங்குங்கள். பாதி ஈரம் மேலிருந்து வருவதில்லை, கீழிருந்து வருகிறது.

வாங்கியபின் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஈரக்கோட்டைச் சுருட்டிப் பைக்குள் வைக்காதீர்கள். மலிவான நைலான் கோட்டுகளின் உட்புறம் பூசிய பாலியூரித்தேன் நமது ஈரக்காற்றில் சிதைந்து, இரண்டாம் வருடமே பிசுபிசுத்து உரியத் தொடங்கும். நிழலில் தொங்கவிட்டால் நான்கு பருவம் உழைக்கும்.

ஐந்தாவது கோட்டின் விலை இரண்டாயிரத்துச் சொச்சம். ஆரஞ்சு நிறம். இப்போதும் நனைகிறேன். தொடை நனைகிறது, சாரல் நாளில் கழுத்தோரம் நனைகிறது. ஆனால் புழுங்குவதில்லை, எதிரே வருகிறவர்கள் விலகிப் போகிறார்கள். அரைக்கால் சட்டையில் போய், துறை அறையில் துடைத்துக்கொண்டு, பாலித்தீன் பையில் கொண்டுபோன வேட்டியைக் கட்டிக்கொள்கிறேன். "தமிழய்யா ஒலிம்பிக்குக்குப் போறாரு" என்று சக ஆசிரியர்கள் சொன்னது முதல் வருடத்தோடு முடிந்துபோயிற்று.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் ஒரு சம்பவத்தைச் சொல்லாவிட்டால் நான் இதுவரை எழுதியது அரைகுறை. இரண்டு வருடங்களுக்கு முன், இளங்கலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்திக்கு வருகைப்பதிவு குறைந்திருந்தது. பார்த்தால் எல்லாம் அக்டோபர், நவம்பர் மாதங்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து, பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த மிதிவண்டியில் வருகிற பெண். நன்றாகப் படிக்கிறவள். அதனாலேயே கொஞ்சம் கடுமையாகக் கேட்டுவிட்டேன். "மழைன்னா லீவா? நானும் சைக்கிள்லதான் வர்றேன். ஒரு கோட்டு வாங்கிப் போட்டுட்டு வரக்கூடாதா?" அவள் தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "கோட்டு இருக்கு சார். அப்பவும் சுடிதார் முழங்காலுக்குக் கீழ நனைஞ்சிருது. சாயங்காலம் வரைக்கும் அப்படியே ஈரத்தோட உக்காந்திருக்கணும் சார். ஒங்களுக்கு மாத்திக்க ரூம் இருக்கு."

எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஐந்து கோட்டுகள் வாங்கி, நீராவியின் அழுத்தம்வரை படித்தவனுக்கு, தன் கோட்டின் பாதி வேலையைச் செய்வது அந்தத் துறை அறையும் அதன் கதவும்தான் என்பது தெரியாமல் போயிற்று. மழையில் நனைவதைப் பற்றி எழுதும்போது நாம் நனைவதை எழுதுகிறோம். நனைந்தபின் எங்கே போய் நிற்கிறோம் என்பதை எழுதுவதில்லை. நற்றிணை இடையனுக்காவது வெட்டவெளி இருந்தது. ஐம்பது பேர் இருக்கிற வகுப்பில் ஈர உடை உடம்போடு ஒட்ட ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எந்தத் திணையில் வரும்?

நாங்கள் செய்தது பெரிய காரியமல்ல. மகளிர் ஓய்வறையை ஒட்டிச் சாமான்கள் போட்டுவைத்திருந்த சிறிய அறையைக் காலி செய்து, உள்ளே தாழ்ப்பாள் வைத்து, இரண்டு கொடி கட்டி, ஒரு மின்விசிறி மாட்டினோம். நான்கு மாதம் ஆயிற்று அதற்கு. கோட்டுகளைத் தொங்கவிட வராந்தாவில் வரிசையாக ஆணி அடித்தோம். அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பெண்ணின் வருகைப்பதிவு சரியாக இருந்தது. வேறு சிலருடையதும்.

மலைப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு மழைக்கோட்டும் காலணியும் கொடுக்கும் திட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. சமவெளியின் மேல்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டி கொடுக்கிறோம். மிதிவண்டி கொடுத்தவர்கள், அது மழையிலும் ஓடும் என்பதை ஏன் நினைக்கவில்லை? வண்டியோடு ஒரு மஞ்சள் கோட்டையும் இரண்டு பிரதிபலிப்புப் பட்டைகளையும் சேர்த்துக் கொடுப்பது இயலாத காரியமல்ல. பள்ளிதோறும் உடை மாற்ற ஓர் அறையும் ஒரு கொடியும் வேண்டும் என்பதை நாமே கேட்கலாம். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இதைவிட முக்கியமில்லாத எத்தனையோ பேசுகிறோம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். எந்தக் கோட்டும் போதாத மழை உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை எங்கள் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. அன்று யாரும் வண்டியை எடுக்கக்கூடாது. எடுக்கச் சொல்லவும் கூடாது. மற்ற நாட்களில், முழுவதும் நனையாமல் போக வேண்டும் என்கிற ஆசையை விட்டுவிட்டால் நல்ல கோட்டை எளிதாகத் தேர்ந்தெடுத்துவிடலாம். காற்று போகட்டும், கை எட்டட்டும், ஆள் தெரியட்டும். ஒருபக்கம் நனைந்தால் நனையட்டும். போய்ச் சேருகிற இடத்தில் துடைத்துக்கொள்ள ஓரிடம் இருக்கிறதா என்பதை மட்டும், கோட்டு வாங்குவதற்கு முன்னால் கேட்டு வையுங்கள். உங்களுக்கு இருக்கிறது என்றால், உங்களோடு நனைந்து வருகிற மற்றவர்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.